கிண்டும் கை

அரைஸ், அரோஸ், அரிசன். துடுப்பு வலப்பக்கம் போயிற்று, இடப்பக்கம் திரும்பிற்று, சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றது. அவேக், அவோக், அவோக்கன். போயிற்று, திரும்பிற்று, சுரண்டிற்று. சங்கரவடிவுக்கு அல்வா கிண்டத் தெரிந்த வழி இது ஒன்றுதான். ஆங்கில வினைச்சொற்களை மூன்று மூன்றாக வாய்க்குள் போட்டு மென்றுகொண்டு, முதல் சொல்லுக்கு ஒரு தள்ளு, இரண்டாம் சொல்லுக்கு ஒரு திருப்பு, மூன்றாம் சொல்லுக்கு அடியோடு ஒரு சுரண்டு. அரைஸில் தொடங்கி ரைட், ரோட், ரிட்டனில் முடித்தால் ஒரு சுற்று. முட்டை வேக ஹைட், ஹிட், ஹிடன் வரை சொன்னால் போதும், இடியாப்பம் வேக அதைவிடக் கொஞ்சம் கம்மி. சத்தம் வெளியே வராது, உதடு மட்டும் அசையும். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, துரைச்சாணி அடுப்படியில் நின்று என்னைச் சபிக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள், அது முழுப் பொய்யும் இல்லை, சபிக்கிறதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடியாத அளவுக்கு வேலை இருந்ததால் பீட், பீட், பீட்டன் வருகிற இடத்தில் மாமியாரை நினைத்துக்கொள்வது உண்டு, அந்த ஒரு வினைக்குத் துடுப்பு கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கும். பாவம், போய்ச் சேர்ந்துவிட்டாள், இப்போது பீட்டனுக்கு ஆள் இல்லை. பிகம், பிகேம், பிகம். தேங்காய்ப்பால் வெள்ளை மாறி மங்கல் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. தூத்துக்குடி வெயிலுக்கு அடுப்பு தேவையே இல்லை, மொட்டை மாடியில் சட்டியை வைத்தால் தானாகக் கொதிக்கும், ஆனால் கிண்ட யார் போவது. பிகின், பிகேன், பிகன். பக்கத்து அலமாரியில் உப்பு ஜாடிக்கும் புளிப் பானைக்கும் நடுவே அவளுடைய செல்போன் மல்லாந்து கிடந்தது. அது கறுப்பாக இருந்தது. கறுப்பாகவே இருந்தது.

பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் கண் அங்கேதான் போகிறது, இந்தக் கண்ணை சிஸ்டர் யூலாலியா அன்றைக்கே கண்டித்து வைத்திருக்க வேண்டும், அந்த அம்மாள் நாக்கைக் கண்டிப்பதிலேயே வயசைத் தொலைத்துவிட்டாள். கான்வென்ட் ஹாஸ்டல் சமையற்கட்டில் கடிகாரம் கிடையாது, கடிகாரம் சேப்பலில் இருந்தது, அது ஆண்டவருக்கு மட்டும் மணி காட்டியது. அடுப்படிக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்துப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் யூலாலியா இரண்டையும் ஒரே பானையில் போட்டுவிட்டாள். வினைச்சொல் பரீட்சையில் தப்பு விட்டவள் மறுநாள் விடிகாலையில் கஞ்சி கிண்ட வேண்டும், கிண்டிக்கொண்டே அட்டவணையை உரக்கச் சொல்ல வேண்டும், ரிட்டன் என்று முடித்தால் கஞ்சி இறக்கும் பதம். வடிவு தப்பு விடுகிறவள் இல்லை. ஆனால் வாய்த்துடுக்குக்கு என்று வேறு தண்டனை விதிக்க சிஸ்டருக்குத் தோன்றாததால் அவளும் மற்றவர்களுக்குச் சமமாக, உண்மையைச் சொன்னால் மற்றவர்களைவிட அதிகமாகவே, கஞ்சி கிண்டினாள். கேட்ச், காட், காட். அந்தப் பெரிய அலுமினியப் பானையின் ஆவி, கண்ணில் தூக்கம், பின்னால் வரிசையாகத் தட்டோடு நிற்கும் பெண்கள், ஒருத்தி வேண்டுமென்றே தவறாக எடுத்துக் கொடுப்பாள், கேட்ச், கேட்ச்சுடு என்பாள், எல்லோரும் சிரிப்பார்கள், துடுப்பு தடுமாறும், சிஸ்டர் தலையைத் திருப்பாமலே "ஃப்ரம் தி பிகினிங்" என்பாள், மறுபடி அரைஸ். அந்தக் கஞ்சி மாதிரி ஒரு கஞ்சியை அதற்குப் பிறகு அவள் குடித்ததில்லை, குடிக்க ஆசைப்பட்டதும் இல்லை, அவ்வளவு கேவலமாக இருக்கும். சூஸ், சோஸ்.

"மைனி, கை நின்னுட்டு."

பிரமுதான். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வறுத்த முந்திரியை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தாள். கணவருடைய தங்கை, நாளைக்கு இவள் மகளுக்குத்தான் நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டார் கடை இனிப்பு தொடமாட்டார்களாம், வீட்டில் கிண்டிய தேங்காய்ப்பால் அல்வாதான் வேண்டுமாம். தொடாதவர்கள் வாயை அங்கேயே வைத்துவிட்டு வரலாமே என்று வடிவு கேட்டதற்கு பிரமு சிரித்துச் சிரித்துப் புரையேறினாள், பிறகு அதை மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிவிடாதே மைனி என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். நல்லவள். நெய் ஒரு சொட்டு ஊற்றாமல், பால் தன் எண்ணெயைத் தானே விடுகிற வரைக்கும் கிண்ட வேண்டிய பண்டம் இது, நடுவில் நிறுத்தினால் அடி பிடிக்கும், பிடித்தது பிடித்ததுதான், மேலே எவ்வளவு ஏலக்காய் போட்டாலும் அந்தத் தீய்ந்த வாசனை விருந்தாளி மூக்கில் போய் உட்காரும். வடிவு சட்டென்று அடியைச் சுரண்டினாள். இல்லை, பிடிக்கவில்லை. சூஸில் எத்தனையாவது தடவை இப்படி நிற்கிறது. அரைஸில் தொடங்கினால் வண்டி ஒழுங்காகத்தான் ஓடுகிறது, சூஸ் வந்ததும் கை மரத்துப்போகிறது, கண் உப்பு ஜாடிக்குப் போகிறது, அடுத்து என்ன என்பதே மறந்து மறுபடி முதலில் இருந்து. தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்ந்தெடுத்தார்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட. யாரை? அவளோடு வாத்தியார் வேலை கேட்டு வந்த அந்த டை கட்டிய பையனைத்தான், வேறு யாரை. இன்றைக்கு மத்தியான மில் சங்கு ஊதுவதற்குள் கூப்பிடுவோம், கூப்பிடாவிட்டால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று நர்சிங் கல்லூரி ஆபீஸ் பெண் சொன்னாள், அவள் சொன்ன அந்த அம்மாவில் மேடமும் இல்லை மிஸ்ஸும் இல்லை, காய்கறிக்காரன் தெருவில் கூப்பிடும் அம்மா. அரைஸ், அரோஸ், அரிசன்.

நர்சிங் கல்லூரி வாசலில் தொங்கிய தட்டியை அவள் மீன் வாங்கப் போகிற வழியில்தான் பார்த்தாள். ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் தேவை. தினமும் பார்த்தாள். தட்டியில் இருந்த ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல் ஒருமையும் பன்மையும் இல்லாமல் நட்டாற்றில் நின்றது, அதைத் திருத்தாமல் போவது குழந்தை மூக்கொழுகிக்கொண்டு நிற்கையில் துடைக்காமல் போவது மாதிரி இருந்தது, ஒரு நாள் கையில் வஞ்சிரத்தோடு உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள். ஆபீஸ் பெண் மீன் வாசனைக்கு மூக்கைச் சுளித்தபடி, நீங்க என்ன படிச்சிருக்கீங்க என்றாள். பி.ஏ. இங்கிலீஷ். அந்த இரண்டு வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று, சொன்னபோது வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது, தாவணி போட்ட ஒருத்தி, வாய் ஓயாதவள், எங்கே போனாளோ. அப்படியா, புதன்கிழமை வாங்க, வகுப்பு எடுத்துக் காட்டணும். மீனோடு வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, முகம் சொல்லிற்று.

பிறகு வீட்டில் என்ன சொல்வது. கணவர் நயினார் கேலி செய்கிற ஆள் இல்லை, அதுதான் சிக்கல். உப்புக் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்ந்த மனுஷர், சாது, கேலி செய்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம், அவரோ ஆறுதல் சொல்வார். கிடைக்கலேன்னா என்ன வடிவு, உனக்கு என்ன குறை என்பார். ஆறுதல் சொல்கிறவரை எதைக் கொண்டு அடிப்பது. அதனால் புதன்கிழமை பல் டாக்டரிடம் போகிறேன் என்றாள். மயில்கழுத்துச் சேலையைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, பல்லு பிடுங்கவா இந்தச் சேலை?" என்றார். "வாயைத் திறந்து காட்டப் போறேன், மத்த இடமாவது பார்க்க லட்சணமா இருக்க வேண்டாமா" என்றாள். எந்தப் பல் என்று கேட்டார். வலப்பக்கக் கடைவாய் என்று வந்துவிட்டது வாயில். தொலைந்தது. அன்றிலிருந்து அவர் கண் எதிரே இடப்பக்கமாகவே மென்று மென்று இடப்பக்கக் கடைவாய் நிஜமாகவே வலிக்கத் தொடங்கிவிட்டது. முறுக்கு கிடையாது, கருவாடு கிடையாது. அவர் பேக்கரியில் போய்ப் பஞ்சு மாதிரி பன் வாங்கி வருகிறார், பாலில் தோய்த்துத் தின்னு என்கிறார், நேற்று சோற்றைக் குழையப் பிசைந்து தட்டில் வைத்துவிட்டு ஒன்றுமே செய்யாதவர் மாதிரி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். ஒரு மனுஷன் இவ்வளவு நல்லவனாக இருந்து பெண்டாட்டி உயிரை வாங்கக் கூடாது. பைட், பிட், பிட்டன். ப்ளோ, ப்ளூ, ப்ளோன். சட்டியில் குமிழ் ஒன்று பெரிதாகக் கிளம்பி, யோசித்து, டப்பென்று உடைந்து மணிக்கட்டில் தெறித்தது, ஐயோ என்று கையை உதறிவிட்டு மறு விநாடி துடுப்பைப் பிடித்தாள். ப்ரேக், ப்ரோக், ப்ரோக்கன்.

அந்த வகுப்பு. அதை நினைக்கக் கூடாது. டை கட்டிய பையன் அவளுக்கு முன்னால் போனான், சுவரில் படம் காட்டினான், நிகழ்காலத்தில் இருந்து இறந்தகாலத்துக்கு ஒரு சிவப்பு அம்பு தானாகப் பறந்தது, அம்பு போகும்போது உய்ங் என்று ஒரு சத்தம்கூட வந்தது. பெண்கள் மதியச் சோற்று மயக்கத்தில் அம்பையும் சுவரையும் ஒரே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின் வரிசையில் பிரின்சிபால், கண்ணாடி, வெள்ளைச் சேலை, இரும்பு முகம். அடுத்து இவள். அம்பு இல்லை, படம் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல், "எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க, தூங்கினா எனக்குப் பிடிக்காது, நான் தூங்க வைக்கிற ஆளு இல்ல, என் வீட்டுக்காரரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டாள், நாலு பேர் சிரித்தார்கள், விடு என்று அரைஸில் ஆரம்பித்துவிட்டாள். அவள் சொல்ல, அவர்கள் சொல்ல, ஒரு பத்து வினை போயிருக்கும், அறை சூடு பிடித்துவிட்டது, பின் வரிசைகூடக் கத்துகிறது, அவளுக்குள்ளே எங்கோ அந்தத் தாவணிக்காரி எழுந்து உட்கார்ந்து தலையை முடிகிறாள், ஆஹா என்று இருந்தது, அப்போதுதான் முன் வரிசையில் ஒரு ஒல்லிப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்துவதையும், பொத்தாத கை காற்றில் வட்டம் போடுவதையும் கண்டாள். பக்கத்துப் பெண்ணும் வட்டம். அதற்கடுத்தவளும். வகுப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சட்டியில் கண்ணுக்குத் தெரியாத அல்வாவைக் கிண்டிக்கொண்டிருந்தது, தள்ளு, திருப்பு, சுரண்டு, ஏன் என்றால் அவள் கை கிண்டிக்கொண்டிருந்தது. முதல் வினையில் இருந்தே கிண்டியிருக்கிறது. படித்த பெண்கள் முன்னால், மயில்கழுத்துச் சேலை கட்டிக்கொண்டு, ஒரு அடுப்படிக்காரி. கை அப்படியே அந்தரத்தில் நின்றது, துடுப்பைப் பிடித்த மாதிரி விரல் மடங்கி. பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மாட்டினாள். நன்றி, சொல்லி அனுப்புகிறோம். படியிறங்கும்போது உள்ளே பெண்கள் சிரித்த சிரிப்பு ஆட்டோவில் ஏறிய பிறகும் காதில் இருந்தது. சிரிக்கட்டும். நன்றாகச் சிரிக்கட்டும். ஆனால் அது நடந்த அந்தக் கொஞ்ச நேரம், கையைக் கவனிப்பதற்கு முன்னால் இருந்த அந்தக் கொஞ்ச நேரம், அது எப்படி இருந்தது, அதை யாரிடம் சொல்வது, வேலை போனால் போகட்டும், அந்த இடம் இன்னொரு தடவை வேண்டும், வேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி உள்ளே ஒன்று காலை உதைக்கிறது. கேட்ச், காட், காட். சூஸ்.

மில் சங்கு ஊதிற்று. நீளமாக, நிதானமாக, யாருக்கும் அவசரமில்லை என்பது போல ஊதி அடங்கியது. போன் கறுப்பாக இருந்தது.

"மைனி! கை!"

"நிக்கலட்டி. யோசிக்குது."

"கைக்கு என்ன யோசனை. நீங்க உதட்டுக்குள்ள என்ன சொல்லுதீங்க? சின்ன வயசிலேருந்து கேக்கணும்னு நெனப்பேன். அம்மா செத்த பிறவும் சொல்லுதீங்களே, அப்போ சாபம் இல்லதானே?"

"மந்திரம். உன் சம்பந்தி வாயக் கட்டுறதுக்கு."

பிரமு மறுபடி புரையேறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வடிவுக்கும் சிரிப்பு வந்தது, வரக் கூடாத நேரத்தில், உள்ளே ஏதோ ஒன்று அறுந்து விழுந்துவிட்டதே, அழ வேண்டாமா, ஆனால் அறுந்ததும் லேசாகத்தான் இருக்கிறது, இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. சரி, வைத்துக்கொண்டேன். எங்கே வைப்பது, புளிப் பானைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். அவர்களுக்கு அம்பு விடுகிற பையன் கிடைத்தான், அந்தப் பெண்கள் அவன் அம்பைப் பார்த்துக்கொண்டே தூங்கி, எந்த நாட்டுக்குப் போனாலும் நோயாளி பக்கத்தில் நின்று முழிக்கட்டும், எனக்கென்ன. எனக்கென்ன என்று சொன்னபோது துடுப்பு வேகமெடுத்தது. அந்த ஒல்லிப் பெண் நல்ல பெண். அவளுக்கு வாய் இருக்கிறது, வாய் இருக்கிறவளுக்கு மொழி சீக்கிரம் வரும். அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லையே. அரைஸ், அரோஸ், அரிசன், இப்போது நிற்கக் கூடாது, ரிட்டன் வரை போயே தீருவது, அல்வாவாவது உருப்படட்டும், அவேக், அவோக், அவோக்கன், சட்டி ஓரத்தில் பளபளவென்று கோடு மாதிரி ஏதோ தெரிகிறது, எண்ணெய்தான், வரப்போகிறது, பிகின், பிகேன், பிகன், பைட், பிட், பிட்டன், ப்ளோ, ப்ளூ, ப்ளோன், தோள்பட்டை எரிகிறது, மூக்கு நுனியில் வியர்வை, கேட்ச், காட், காட், சூஸ், சோஸ், சோசன், ஆ, தாண்டிவிட்டேன், தாண்டிவிட்டேன்,

போன் அடித்தது.

உப்பு ஜாடி நடுங்க அடித்தது. இரண்டு கையும் துடுப்பில். விட்டால் அடி பிடிக்கும், விடாவிட்டால் போன் நின்றுவிடும், பிரமு கையெல்லாம் முந்திரிப் பொடி, "எடுட்டி!" என்றாள் வடிவு, "எடுக்காத!" என்றாள், அதற்குள் முன்னறையில் இருந்து நயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எந்த இடத்தைத் தொடுவது என்று யோசித்து, தொட்டு, காதில் வைத்து, "ஹலோ" என்றார். பிறகு, "ஆமா, வடிவு வீடுதான். அவ வீட்டுக்காரர்." பிறகு முகம் மாறிற்று. "பல் டாக்டரா?" பிறகு, "எந்தக் காலேஜ்?" என்றார். வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். கை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அவர் அடுப்பு அருகே வந்து, சூட்டுக்கு முகத்தைச் சுளித்தபடி, போனை அவள் காதில் ஒட்டிப் பிடித்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எந்தப் பொத்தானையோ அமுக்கித் தொலைத்திருந்தார்.

பிரின்சிபாலின் இரும்புக் குரல். பரீட்சை மேற்பார்வையில் இருந்ததால் நேரமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். பிறகு, "மிசஸ் சங்கரவடிவு, நீங்க அந்தக் கையால ஒண்ணு செஞ்சீங்களே."

"மேடம், அது வந்து..."

"புதன்கிழமையிலிருந்து என் ஹாஸ்டல்ல யாரும் சும்மா நடக்கிறது இல்ல. வராந்தாவுல கிண்டிக்கிட்டே போறாங்க, கிண்டிக்கிட்டே வராங்க. சாப்பாட்டு வரிசையில நின்னு கிண்டுறாங்க. எங்களைக் கேலி பண்ணுதுங்கன்னு சமையல்காரம்மா என்கிட்ட வந்து அழுதுச்சு." இரும்புக்குள்ளே ஏதோ ஆடுகிற சத்தம். "காலையில ஒரு பொண்ணை நிறுத்திக் கேட்டேன். நீங்க சொன்னது அத்தனையும் வரிசையா ஒப்பிச்சா. தப்பே இல்ல. நேத்து ராத்திரி பார்த்தா, என் கையும்..." குரல் மறுபடி இரும்பாயிற்று. "திங்கட்கிழமை வருவீங்கதானே?"

பி.ஏ. இங்கிலீஷ். கல்யாணப் பத்திரிகையில் பிழை திருத்தி நாலு சொந்தக்காரரைப் பகைத்துக்கொண்டவள். எந்தக் காலத்தையும் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அடையாளம் காட்டுகிறவள். அவளுக்கு அந்த நிமிஷம் ஒரு வாக்கியம் வரவில்லை, ஒரு யெஸ்கூட வரவில்லை, கை மட்டும் தன் வரிசையை மறக்காமல் சோசனுக்கு அடுத்த இடத்துக்குப் போனது, வாயும் அதன் பின்னாலேயே போனது.

"கம், கேம், கம்," என்றாள் வடிவு.

அந்தப் பக்கம் இரும்பு உடைந்து சிரித்தது. வாய்விட்டு, கட்டுப்படுத்த முடியாமல், ஒரு பிரின்சிபால் சிரிக்கக் கூடாத மாதிரி சிரித்தது. பிரமு எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள். நயினார் சிரிக்கவில்லை. போனை அணைத்து உப்பு ஜாடி பக்கத்தில் பத்திரமாக வைத்தார், அவளைப் பார்த்தார், ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறார், ஏன் என்கிட்ட சொல்லல என்று கேட்கப் போகிறார், அல்லது ஆறுதல்தான் சொல்லப் போகிறார், சொன்னால் கையில் துடுப்பு இருக்கிறது. கம், கேம், கம். கட், கட், கட். ஓரமெங்கும் எண்ணெய் கண்ணாடி மாதிரி கசிந்து வந்துகொண்டிருந்தது, அல்வா சட்டியை விட்டு மொத்தமாக, ஒரே உருண்டையாகத் திரண்டு சுழன்றது.

"அப்போ," என்றார் நயினார் மெதுவாக, "அந்தப் பல்லு?"

வடிவு துடுப்பை ஒரு கைக்கு மாற்றினாள். குனிந்து பிரமுவின் தட்டில் இருந்து நன்றாக வறுத்த முழு முந்திரி ஒன்றை எடுத்தாள், அவர் முகத்துக்கு நேரே நின்று, வாயை அகலத் திறந்து, வலப்பக்கக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். அடுப்படி முழுக்கக் கேட்டது.